மிக்சி போட்டாலும் கண் சிமிட்டாத பல்பு

கரண்ட் போனால் பேட்டரியில் இருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர்களைச் செய்கிற சின்னக் கம்பெனி அது. அங்கே என்ஜினியராக இருந்தவளை எல்லோரும் அலைராணி என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் மின்சார அலை பிசிறில்லாமல் ஓடினால் அவளுக்குப் பசியே எடுக்காது. கல்யாண போட்டோவில்கூட முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். போட்டோக்காரர் "சிரிங்க" என்ற நேரத்தில் ஜெனரேட்டர் சத்தம் மாறியதாம். பெண்ணுக்குக் காது அங்கே போய்விட்டதாம்.

அந்த வாரம் கம்பெனியே இரண்டு கட்சியாகிக் கிடந்தது. புது மாடலுக்குள் எந்தக் கட்டுப்பாட்டு முறையை வைப்பது? பழைய முறை நிதானமான ஆள். மின் அழுத்தம் இறங்கிய பிறகு, எவ்வளவு இறங்கியது என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிடும். புதிய முறை முந்திரிக்கொட்டை. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு இப்போதே கையை நீட்டிவிடும். அலைராணி புதுசின் கட்சி. ஆனால் ஆய்வுக்கூடத்துச் சோதனையில் இரண்டுமே நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டன.

"வீட்டுச் சாமான்கிட்ட விட்டாதான் சாயம் வெளுக்கும் சார்" என்று மானேஜரிடம் சொல்லிவிட்டு, ஒரு பெட்டியை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். இரண்டு முறையும் அதற்குள் இருந்தன. லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினால் மாறிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடமே களேபரம். மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றின் வயரும் பெட்டியில் செருகியிருந்தது. கொழுந்தன் எங்கிருந்தோ ஒரு பழைய குண்டு பல்பைக் கொண்டுவந்து அதிலேயே மாட்டினான். கணவன் பழமும் ஐஸும் போட்ட மிக்சியோடு தயாராக நின்றான். தையல்காரியான அவளுடைய அத்தை, அதாவது மாமியார், முக்கால்வாசி தைத்த கவுனோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"இது பழசு. மிக்சியைப் போடுங்க!"

பல்பு ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. தையல் மெஷின் திக்கித் திணறி, பிறகு ஓடியது.

"பாவம், இதுக்கு மூச்சு வாங்குதும்மா" என்றார் அத்தை.

"இப்ப புதுசு!"

மிக்சி உறுமியது. பல்பு அசைந்துகொடுக்கவே இல்லை. கொழுந்தன் விசிலடித்தான். அலைராணி நின்ற இடத்திலேயே குதித்தாள். மிக்சியை நிறுத்திய பிறகுதான் கேட்டது, பெட்டிக்குள்ளிருந்து ஒரு "உஸ்ஸ்ஸ்... கிர்ர்... உஸ்ஸ்."

"உள்ள பாம்பு வளர்க்கிறியா?" என்றான் கணவன்.

"அண்ணி, பல்லு கூசுது அண்ணி!"

பூனை அலமாரி மேல் ஏறிக்கொண்டது. அவளுக்கு முகம் தொங்கிப்போனது. காரணம் புரிந்துவிட்டது. பேட்டரி மின்சாரத்தை அலையாக்கப் பெட்டிக்குள்ளே ஒரு சுவிட்சு ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும்; புதிய முறை அதைத் தனக்குத் தோன்றியபோதெல்லாம் தட்டுகிறது. அந்தத் தாறுமாறான தட்டில் பக்கத்திலிருக்கும் கம்பிச்சுருள் அதிர்ந்து சீறுகிறது. கம்பெனியில் ஓடுகிற ராட்சத மின்விசிறிச் சத்தத்தில் இது யார் காதிலும் விழவில்லை.

தரையில் குப்புறப் படுத்து லேப்டாப்பைத் திறந்தாள். முன்கூட்டிப் போடும் கணக்கு இருக்கட்டும். ஆனால் சுவிட்சு மட்டும் காதுக்கு எட்டாத வேகத்தில், ஒரே சீராகத் தட்டட்டும். எப்போது தட்டுவது என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தட்டும் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் அது முடிவு செய்யட்டும். கணவன் ஜூஸ் தம்ளரை வாயருகே நீட்ட, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே குடித்தாள்.

முதல் முயற்சியில் பல்பு பேய் பிடித்ததுபோல் மின்னியது. எங்கோ கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருக்கிறாள். கொழுந்தன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி ஆடியே விட்டான். "இப்படியே வித்துடலாம் அண்ணி, பார்ட்டிக்கு ஆகும்!"

சிரித்துக்கொண்டே திருத்தினாள். மறுபடி மிக்சி. பல்பு அப்படியே நின்று எரிந்தது. மிக்சியை நிறுத்தினார்கள். பெட்டியிடமிருந்து மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அலைராணி அத்தையை நாற்காலியிலிருந்து கிளப்பி, கவுனும் கையுமாகத் தட்டாமாலை சுற்றினாள்.

"விடுடி, ஊசி குத்தும்டி!" என்று கத்திய அத்தையும் சுற்றை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை கம்பெனியில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, பெட்டியில் ஒரு பல்பை மாட்டி எல்லோருக்கும் ஓட்டிக் காட்டினாள்.

"அப்ப எந்தக் கட்சி ஜெயிச்சது?" என்று கேட்டபடி கடைசியாக வந்து சேர்ந்தார் மானேஜர்.

"நான் கட்சி மாறிட்டேன் சார். இது மூணாவது."

அவர் குனிந்து பெட்டியில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டார்.

"சரிம்மா, இப்ப ஆன் பண்ணு பார்க்கலாம்."

அவள் சிரித்துப் புரையேறி, மேஜையைப் பிடித்துக்கொண்டு, எரிகிற பல்பைக் கையால் காட்டினாள்.