இருபத்தேழாம் எண் அம்பு

சித்திக்குக் கம்பெனியில் பெயர் கிடையாது. இருபத்தேழு என்ற எண் உண்டு, அம்புக்காரி என்ற பட்டம் உண்டு. அம்மாவின் தங்கை, கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு எங்களுடனேயே இருப்பவள். சட்டை தைக்கும் கம்பெனியில், செக்கிங் பிரிவில், டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேசை முன்னால் பதினான்கு வருடமாக நிற்கிறாள்.

சட்டை வரும். காலர், பட்டன் பட்டி, கை மடிப்பு, அக்குள், ஓரம் என்று பதினோரு இடங்களில் அவள் கண் போய் வரும். தப்பு இருந்தால் இடது மணிக்கட்டில் வளையல் போல மாட்டியிருக்கும் ரோலிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கிழித்து, நுனி சரியாகத் தப்பைத் தொடும்படி ஒட்டுவாள். விரல் நகம் அளவு அம்பு. அதில் 27 என்று அச்சடித்திருக்கும். அம்பு ஒட்டிய சட்டை சிவப்புப் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து ஆல்ட்ரேஷனுக்கு. திருத்திய பிறகு, ஒட்டியவள்தான் அம்பை உரிக்கலாம். ‘அம்பு ஒட்டிய துணி சிவப்புப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது’ என்று சுவரில் முழ உயர எழுத்தில் போர்டு இருக்கிறது.

“அம்புக்காரி என்னைக்கு லீவுன்னு முன்னாடியே சொல்லிடுங்கப்பா, அன்னைக்கு நான் கண்ணை மூடிக்கிட்டே தைக்கிறேன்” என்பார்கள் டெய்லர்கள். அவள் லீவு போடமாட்டாள்.

வீட்டில் அம்பு கிடையாது, கண் மட்டும்தான். அது போதாதா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கிற போட்டோவை அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டு வந்தாள். சித்தி அதை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒரு நிமிடம் பார்த்தாள்.

“இடது தோள்ல தையல் கோணல். வாடகை அங்கியா?”

அப்படிப்பட்டவள் மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு மரவளையம், ஒரு ஊசிப் பொட்டலம், பன்னிரண்டு நிற நூல்கண்டு, ஒரு வெள்ளைத் தலையணை உறை எல்லாம் வாங்கி வந்தாள். எதற்கு என்று அம்மா கேட்டாள்.

“நாள் முழுக்க அடுத்தவங்க தையலையே பாக்குறேன். என் தையல் எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்க வேண்டாமாக்கா?”

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலோரம் உட்காருவாள். துணியை வளையத்தில் இழுத்து மாட்டி விரலால் ஒரு தட்டு தட்டுவாள். டொப் என்று கேட்டால்தான் திருப்தி. நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அளந்து வெட்டுவாள். அதற்கு மேல் நீளம் வைத்தால் நூல் பேச்சுக் கேட்காதாம். ஆறு இழையில் இரண்டை மட்டும் உருவுவாள். அடியிலிருந்து ஊசி மேலே வரும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளையை நுனியால் தேடித் தேடி, சரியான இடத்தில் எட்டிப் பார்த்ததும், “வாடி” என்பாள். ஊசியிடம்தான். எங்கள் யாரையும் அவள் அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

அந்த உறையில் ஒரு குருவி உருவாகிக்கொண்டிருந்தது. உருவாகிக்கொண்டே இருந்தது. செக்கிங் கண் செக்கிங் கண்தானே! ஒரு மணி நேரம் தைப்பாள். பிறகு கையை நீட்டி, துணியைத் தள்ளிப் பிடித்து, பதினோரு இடம் பார்ப்பாள். முகம் மாறும். குட்டிக் கத்தரியை எடுத்துவிடுவாள். ஒரு தடவை, தைக்கிற சுவாரசியத்தில் உறையைத் தன் பாவாடையோடு சேர்த்தே தைத்துவிட்டாள். வாசலில் யாரோ கூப்பிட எழுந்து போனாள். குருவியும் மடியோடு தொங்கிக்கொண்டே போனது. பாவாடையில் விழுந்த தையல்தான் நேராக இருந்தது என்று அன்று முழுக்க வருத்தப்பட்டாள்.

“மூணு வருஷமா ஒரு குருவி. நிஜக் குருவின்னா இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்” என்பாள் அம்மா.

சித்தி சிரித்துக்கொண்டே பிரிப்பாள். கம்பெனியில் பிரிக்கச் சொல்லும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. இது எந்தத் தேதிக்கும் யாருக்கும் தரவேண்டியதில்லை என்பதால் வந்த சிரிப்பு என்பது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் அடுத்து நடந்ததை நான் செய்திருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

எனக்கு அதே கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் பயிற்சி வேலை கிடைத்தது. சித்தி பின்கேட் வழியாகப் போவாள், நான் முன்கேட் வழியாக. ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமாகும் என்றார்கள். ஐந்தாவது மாதம், சட்டை வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆய்வாளர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. அவர் பார்க்கப்போகிற பட்டியலில் தீயணைப்புக் கருவி, கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றுக்கு அடுத்து ‘தொழிலாளர்களின் பொழுதுபோக்கு’ என்று ஒரு வரி இருந்தது.

எச்.ஆர். மேடம் நானூறு படிவம் அச்சடித்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டேன்.

“பொழுதுபோக்கா? பஸ்ஸுக்கு நிக்கிறது.”

“எனக்குத் தூக்கம்னு எழுதும்மா. கிடைச்சா.”

“என் வீட்டுக்காரரைத் திட்டுறது. அதைப் போடலாமா?”

படிவங்களைப் பார்த்த மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆண்களுக்கெல்லாம் ‘புத்தகம் வாசித்தல்’, பெண்களுக்கெல்லாம் ‘இசை கேட்டல்’ என்று நிரப்பிவிடச் சொன்னார். என் பயோடேட்டாவிலும் அந்த இரண்டுதான் இருந்தன. வேலை கேட்கிறவளுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடப் பயம். “ஒருத்தர் கூடவா உருப்படியா ஒண்ணும் செய்யல?” என்று மேடம் அலுத்துக்கொண்டபோது, வகுப்பில் முந்திக்கொண்டு கை தூக்குகிறவள் போல நான் சொன்னேன்: “எங்க சித்தி எம்பிராய்டரி போடுவாங்க மேடம்.”

மேடத்தின் கண்ணில் விளக்கு எரிந்தது.

அன்று சாயங்காலம் கேட்டேன். “ரெண்டே நாள் சித்தி. காட்டிட்டுத் திருப்பித் தந்துடுவாங்க.”

“ஏண்டி, முடியாததை எப்படிக் காட்டுறது? ஒரு சிறகுதானே இருக்கு.”

“குடேன்டி” என்றாள் அம்மா. “இவ வேலை நிரந்தரமாகட்டும். உன் குருவி எங்க பறந்துடப்போகுது?”

சித்தி என்னை ஒரு தடவை பார்த்தாள், பதினோரு இடமும். பிறகு உறையை மடித்துக் கொடுத்தாள்.

ஒற்றைச் சிறகு மேடத்துக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றையும் முடிக்கச் சொல்லி, வேலை நேரத்திலேயே சித்திக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார். ஒதுக்கிய நேரத்துக்குக் கணக்கு வேண்டும் என்று சூப்பர்வைசர் நேரங்காட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார். முதல்முறையாக அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

“ஒரு சிறகுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்?”

“தெரியாது சார். போன சிறகுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.”

அவர் கரும்பலகையில் ‘இலக்கு: சிறகு 1’ என்று எழுதினார். இரண்டு மணி நேரம் கழிந்தபோது சித்தி ஏழு தையல் போட்டு ஒன்பது தையல் பிரித்திருந்தாள். கம்பெனி வரலாற்றிலேயே உற்பத்தி பூஜ்யத்துக்குக் கீழே போனது அன்றுதான் என்று டெய்லர்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மேடம் தளரவில்லை. சிறகில்லாத பக்கத்தை உள்ளே மடித்து, ஃப்ரேம் போடச் சொன்னார். “குருவி சைடுல திரும்பி நிக்குது. அவ்வளவுதானே?” கண்ணாடி போட்டால் போட்டோவில் வெளிச்சம் அடிக்கும் என்று கண்ணாடியும் வேண்டாம் என்றார். வரவேற்பறையில் ஆணி அடித்தார்கள். கீழே பித்தளையில் ஒரு பட்டயம்: ‘தொழிலாளி எண் 27. பொழுதுபோக்கு: எம்பிராய்டரி. நிறுவனத்தின் ஊக்கத்தால் நிறுவனத்திலேயே உருவானது.’ அந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

பட்டயத்தைப் பித்தளையில் அடிக்கிறார்கள் என்றால் இரண்டு நாளில் கழற்றுவதற்கில்லை என்பது சித்திக்குப் புரிந்துவிட்டது. மேடத்திடமே போய்க் கேட்டாள்.

“எப்ப திரும்பக் கிடைக்கும் மேடம்?”

“இனிமே அது இங்கதான்மா. எத்தனை பேர் பாப்பாங்க! வீட்டுல இருந்தா யாரு பாப்பா?”

“நான் பாப்பேன் மேடம்.”

மேடம் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நான் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். “உன் கன்ஃபர்மேஷன் ஃபைலும் என் டேபிள்லதான் இருக்கு” என்றார், மிகவும் அன்பாக. நான் வாயை மூடிக்கொண்டேன். பதினைந்து வருடம் படித்ததில் எனக்கு நன்றாக வந்தது இந்த ஒன்றுதானோ?

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வெறும் வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினாள். துணி இல்லாததால் விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். “மடிச்ச இடத்துல நூல் பிசிறு தெரியுதுடி. அதைக் கூடப் பாக்காம மாட்டியிருக்காங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வு நாளன்று மேடம் சித்திக்குப் புதுச் சீருடை கொடுத்து, ஃப்ரேமுக்குப் பக்கத்தில் புன்னகையோடு நிற்கச் சொன்னார்.

“கையில என்னம்மா அது, ஸ்டிக்கர் ரோல்? கழட்டிடேன். பாக்க நல்லாயில்ல.”

“டியூட்டியில செக்கர் ரோல் இல்லாம நின்னா ரூல்படி தப்பு மேடம்.”

ஆய்வு நாளில் ரூலுக்கு எதிராக யார் பேசுவது? மேடம் ஆய்வாளரை அழைத்து வர மாடிக்குப் போனார். வரவேற்பறையில் நானும் சித்தியும் மட்டும் இருந்தோம். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் சித்தியின் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போயிற்று. ஒரு சின்னக் கிழிசல் சத்தம். குருவியின் கழுத்துக்குக் கீழே சிவப்பாக ஒன்று முளைத்தது. குருவியைத் திருப்பித் தரச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“இது எங்க தொழிலாளர்களோட படைப்புத் திறனை…” என்று மேடம் ஆரம்பித்தார்.

“அதைக் கேக்கல. இது என்ன?” ஆய்வாளரின் விரல் அம்புக்கு நேராக நின்றது. குனிந்து எண்ணைப் படித்தார். “இருபத்தேழு யாரு?”

“நான்தான் சார்.”

“அம்பு ஒட்டின பீஸ் ரிசப்ஷன்ல என்ன பண்ணுது?”

மேடம் அவசரமாகச் சிரித்தார். “ஐயோ சார், இது சட்டை இல்ல. ஹாபி!”

“துணிதானே?”

“துணிதான், ஆனா…”

“இந்தக் கம்பெனியில தச்சதா?”

மேடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆய்வாளர் அதற்குள் பித்தளைப் பட்டயத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார். ‘நிறுவனத்திலேயே உருவானது’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இரண்டு தடவை படித்தார்.

“தப்பு எங்கம்மா?” என்று சித்தியிடம் கேட்டார்.

“மேசை மேல போட்டு, வெளிச்சத்துல பாத்துத்தான் சார் சொல்லணும். செவுத்துல தொங்கவிட்டுக் காட்டுறது முறையில்ல.”

ஆய்வாளருக்கு அப்படியொரு சந்தோஷம். இருபது கம்பெனி ஏறி இறங்கியும் முறை தெரிந்த ஒருவரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு குறிப்பேட்டில் ஒரு குறை எழுதினார்: தப்புள்ள துணி பொது இடத்தில். இன்றைக்கே சிவப்புப் பெட்டியில் போட்டு, ஆதாரத்துக்குப் போட்டோ அனுப்ப வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஆணி பிடுங்கப்பட்டது. காலர் கோணிய சட்டைகளுக்கு நடுவே பெட்டியில் கிடந்த குருவியை மேடமே போட்டோ எடுத்தார். ஆல்ட்ரேஷன்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கை வைக்க எனக்குத் தெரியாதுப்பா. தச்சவங்களே சரி பண்ணட்டும்” என்று சொல்லிவிட்டார்.

“வீட்டுக்குக் கொண்டுபோய் முடிச்சுட்டுக் கொண்டா” என்றார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

கேட் பாஸ் எழுதுவது என் வேலை. ‘பொருள்: தலையணை உறை 1. காரணம்: ஆல்ட்ரேஷன்.’ திரும்பக் கொண்டுவரும் தேதி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். காவலாளி அதைப் படிக்கவில்லை. மேடம் மறுநாள் படித்தார். என் ஃபைல் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. இப்போது அதன் மேல் ஒரு டீ கோப்பையும்.

ஞாயிறு மதியம் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து துணியை வளையத்தில் மாட்டினாள். டொப். அம்பு இன்னும் ஒட்டியபடி இருந்தது. நுனி சுட்டிய இடத்தை நான் உற்று உற்றுப் பார்த்தேன். தையல்கள் இறகு போல ஒன்றையொன்று தழுவிப் படிந்திருந்தன.

“தப்பு எங்க சித்தி?”

“அங்க தப்பே இல்லடி.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “பதினாலு வருஷத்துல சும்மா ஒட்டினது இது ஒண்ணுதான். நாலு நாளா கை கூசுது.”

அம்பை நகத்தால் மெதுவாக உரித்தாள். உரித்த இடத்தைத் தடவினாள். பிறகு துணியைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“இரு இரு. இதைப் பாரு.” குரலே மாறிவிட்டது. “இங்க. ரெண்டு தையல் தள்ளி. நூல் முறுக்கிக்கிட்டு ஏறியிருக்கு பாரு. தெரியுதா?”

எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

“அப்ப தப்பு இருந்திருக்கு! அம்புதான் கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கு.” நாலு நாளாக இறுகியிருந்த முகம் அப்படியே அவிழ்ந்தது. குட்டிக் கத்தரியை எடுத்துக் குருவியின் கழுத்தைச் சிரித்துக்கொண்டே பிரிக்க ஆரம்பித்தாள். கழுத்தோடு நிற்காது போலிருந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “போச்சு. மறுபடியும் முட்டைக்குள்ள அனுப்புறா.”