எண்ணூர்க் குருசடியில் நான் அணைத்த நேர்ச்சை விளக்கு

ஆமைக்குஞ்சு பார்க்க எண்ணூர்ப் பக்கம் போகலாமா, எப்போது போவது, டார்ச் எடுத்துப் போகலாமா என்று இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். நான் போனது எழுபதுகளின் தொடக்கத்தில், தவக்காலத்தில். ஆமை பார்க்கவும் போகவில்லை. என் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போன லாஞ்ச், அதாவது விசைப்படகு, திரும்பவில்லை என்று போனேன். இருந்தாலும் டார்ச் கேள்விக்குப் பதில் அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது.

எங்கள் ராயபுரத்திலிருந்து போய் மூன்று நாளில் திரும்ப வேண்டிய லாஞ்ச், ஆறு நாளாகியும் வரவில்லை. கடைசியாக எண்ணூருக்கு நேரே பார்த்தோம் என்றார்கள் மற்ற லாஞ்ச்காரர்கள். எண்ணூரில் என் நாத்தனார் பிலோமி இருந்தாள். அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் மணல்மேட்டில் கடலைப் பார்த்து ஒரு குருசடி. சிலுவை நட்ட சின்ன மேடைதான். கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் அங்கே மூன்று சாயங்காலம் விளக்கு ஏற்றுவதாக நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். எண்ணெய் தீர்ந்து தானாக அணைய வேண்டும், கையால் அணைக்கக் கூடாது.

எல்லோரும் அரிக்கேன் வைப்பார்கள். நான் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு நான் வைக்கிற விளக்கு தூரத்திலிருந்து தெரிய வேண்டாமா?

மத்தியானம் இரண்டு மணிக்குப் பஸ். பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் திருவொற்றியூரில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கண்டக்டர் ஏறும்போதே மறித்தார்.

"இன்னாம்மா அது? வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

"பம்ப் அடிக்காம வெடிக்காது நைனா. நான் அஞ்சாவது படிச்சவ."

"நான் எட்டாவது. காலுக்கு நடுவுல வெச்சிகினு டிக்கெட்ட எடு."

எண்ணூரில் இறங்கி மணலில் இருபது நிமிட நடை. பிலோமி வாசலில் நின்றாள். "இன்னா அண்ணி, கல்யாண ஊர்கோலமா? லைட்ட தூக்கினு வர்ற!" என்று சிரித்தாள். சிரித்த வாயோடேயே அழுதுவிட்டாள். அவளுக்கும் கூடப்பிறந்த அண்ணன் அல்லவா.

முதல் சாயங்காலம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் சாயங்காலம், எட்டு மணி இருக்கும். குருசடிக்குக் கீழே மணல் கொதிக்கிற மாதிரி அசைந்தது. பார்த்தால் ஆமைக்குஞ்சுகள், தீப்பெட்டி அளவுகூட இல்லை. பங்குனியில் கரைக்கு வருவதால் பங்குனி ஆமை என்பார்கள். பத்து வந்தது, ஐம்பது வந்தது, பிறகு எண்ணமுடியவில்லை. அத்தனையும் விளக்கைப் பார்த்து மேட்டில் ஏறின.

பிலோமி முழங்கால் போட்டுவிட்டாள். "அண்ணி, அடையாளம்! கடல் ஜீவனே வெளக்கப் பார்த்து வருதே, எங்கண்ணன் வரமாட்டானா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புல்லரித்துப் போய் நின்றேன். அப்புறம் நாய்கள் வந்தன. ஒன்று கவ்வியது, இன்னொன்று கவ்வியது. அடையாளம் என்றால் நாய் எதற்கு வருகிறது? முந்தானையில் அள்ளிக் கொண்டுபோய்க் கடலோரத்தில் விட்டேன். நான் திரும்பி நடப்பதற்குள் அவையும் திரும்பி விளக்குக்கு நடந்தன. மறுபடி அள்ளினேன். மறுபடி வந்தன. கடல் பின்னால் இரைந்துகொண்டு இருக்கிறது, இவற்றுக்குக் காது இல்லையா என்று கோபமே வந்தது.

பிறகுதான் விளக்கைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு நடந்து பார்த்தேன். அத்தனையும் பின்னால் வந்தன! பிலோமி குச்சியால் நாய்களை விரட்டிக்கொண்டே வந்தாள். அப்பாடா, புத்தி வேலை செய்தது என்று பெருமையாக முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். குஞ்சுகளும் இறங்கின. இறங்கி என் காலையே சுற்றின. அலை கரையில் தள்ளினால் மறுபடி என் காலுக்கே வந்தன. உள்ளே ஒன்றுகூடப் போகவில்லை. அவற்றுக்கு என் கையிலிருந்த வெளிச்சம்தான் கடல்.

விளக்கின் காற்றுத் திருகில் விரலை வைத்தேன்.

"இன்னா பண்ற அண்ணி? எங்கண்ணன் கடல்ல கீறான்!"

"தெரியும்டி."

"அணைச்சா நேர்ச்சை இன்னாவுறது?"

"தெரியலடி" என்று சொல்லிக்கொண்டே திறந்துவிட்டேன். உஸ்ஸென்று அடங்கியது. ஒரே இருட்டு. ஐயோ, என்ன செய்துவிட்டேன்! கொஞ்ச நேரம் போனதும் கரை கறுப்பாகவும் தண்ணீர் மங்கலாக மினுங்கியும் தெரிந்தது. காலில் இடித்துக்கொண்டிருந்தவை அந்த மினுக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக நழுவிப் போயின. பிலோமி என்னை விட்டுவிட்டு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள் வெயில் இருக்கும்போதே ஏற்றிவிட்டு, இருட்டு கட்டியதும் பிலோமியே அணைத்தாள். அது நேர்ச்சையில் சேர்த்தியா, எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் காலையில் அவர் வந்தார். இன்ஜின் கெட்டு, நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டுபோய், பழவேற்காட்டில் கரை சேர்ந்தார்களாம். விளக்கு தெரிந்ததா என்று கேட்டேன். "இன்னா வெளக்கு? மேகந்தான் தெரிஞ்சுது" என்றார். கதையைச் சொன்னதும், "புருசன தேட லைட்டு வெச்சி, ஆமைய கடல் சேத்துட்டு வந்துகீறா" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், "விளக்கை அணைச்சதுக்கு மன்னிப்புக் கேக்குறியா, ஆமையைக் கூட்டி வந்ததுக்கா?" என்றார். "அதுதான் சாமி தெரியல" என்றேன். மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எதற்கு மூன்று என்று அவரும் சொல்லவில்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குஞ்சு பார்க்க மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை போகலாம். காய்ந்த மணலுக்கு அடியில் முட்டைகள் இருக்கும், அதனால் ஈர மணலிலேயே நடங்கள். செல்போன் வெளிச்சத்தில் படம் எடுக்காதீர்கள். டார்ச் இல்லாமல் முடியாது என்றால் அதன் கண்ணாடி முகப்பில் சிவப்புக் காகிதம் கட்டி, உங்கள் கால்விரலைப் பார்த்துப் பிடியுங்கள், கடலையோ கரையையோ பார்த்து அல்ல. கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் மாடி விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள், தேவை முடிந்ததும் அணையுங்கள். குஞ்சு கரைப் பக்கம் நடந்தால் முதலில் எந்த விளக்கைப் பார்த்து நடக்கிறது என்று தேடுங்கள். அள்ளி விடுவது அப்புறம்.

அணைத்ததும் முதல் பத்து நிமிடம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பயமாகக்கூட இருக்கும். பதறிப்போய்த் திரும்ப டார்ச்சைத் தட்டிவிடாதீர்கள்.