சிவப்பு வீரனின் தலைக்கவசம்

மஞ்சள் வீராங்கனை உடை மாறியவுடன் ஒரு சாண் வளர்ந்துவிடுவாள். என் வாழ்க்கையின் முதல் சந்தேகம் அதுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கனடாவில், பியர்பொன்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலைகளில் ஐந்து நிற வீரர்கள் பிரெஞ்சில் பேசியபடி உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபத்து வந்தால் கையிலுள்ள பட்டியைத் தட்டுவார்கள், தலைக்கவசமும் பளபளக்கும் உடையும் வந்து மூடிக்கொள்ளும், அரக்கன் வெடிப்பான், வெடித்தவன் மலையளவு உயரத்தில் திரும்பி வருவான், இவர்கள் ஐந்து இயந்திரங்களைப் பொருத்தி ஒரே இயந்திர மனிதனாக்கி அவனை மறுபடியும் வெடிக்க வைப்பார்கள். இதிலெல்லாம் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. ஆனால் மஞ்சளுடைய தோள்கள்? அதுவரை என் வகுப்புத் தோழியைப்போல மெலிந்திருந்தவள், கவசம் போட்டதும் மூட்டை தூக்குகிறவர்களின் தோள்களோடு நிற்பாள். ரோசா நிற வீராங்கனைக்குச் சின்னப் பாவாடை இருந்தது, இவளுக்கு இல்லை. அப்புறம் அந்த வெயில். முகம் தெரியும்போது மப்பும் மந்தாரமுமாக இருக்கும் வானம், கவசம் போட்ட மறுநொடி கண் கூசும்படி எரியும்.

இவற்றையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். மேலட்டையில் 'சந்தேகங்கள்' என்று தலைப்பு. சின்னச் சந்தேகங்களுக்கு ஒரு கோடு, பெரியவற்றுக்கு இரண்டு, மிகப் பெரியவற்றுக்கு மூன்று கோடு கீழே இழுப்பது வழக்கம்.

கொப்பியைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அறையில் இருந்தார். கனடாவுக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் தாய்லாந்தில் ஓர் அறைக்குள் விசாவுக்காகக் காத்துக் கிடந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு காற்சட்டைகளும் ஓர் உறை நிறைய டிஸ்குகளும்.

"கெட்டிக்காரி. வா, ஒண்டு காட்டுறன்" என்றார்.

திரையில் நான் போன சனிக்கிழமை பார்த்த அதே சண்டை. அதே கல்லுக் குவாரி, அதே அரக்கன், அதே வெடிப்பு. ஆனால் கவசத்தைக் கழற்றியபோது வெளியே வந்தவை வேறு முகங்கள். பேச்சு ஜப்பான் மொழி. மஞ்சள் ஓர் ஆண். அதுவும் எப்போது பார்த்தாலும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற, வாய்விட்டுச் சிரிக்கிற ஆண்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏமாத்திப்போட்டாங்கள் மாமா!"

"ஏமாத்தேல்லை. சண்டையை ஜப்பானிலை வாங்கி, முகத்தை வேற இடத்திலை பூட்டியிருக்கிறாங்கள். பேந்து அதுக்கு மேலை இஞ்சத்தைய பிரெஞ்சுக் குரல்."

"அப்ப உண்மையான ஆள் இந்த ஜப்பான்காரரோ?"

"அதுவும் இல்லை. கவசம் போட்ட பிறகு உள்ளுக்கை வேற ஒருத்தன். பாயிறதும் விழுறதும் அவன்தான். அவன்ரை முகத்தை நீ ஒருநாளும் காணமாட்டாய்." மாமா படத்தை நிறுத்திக் காட்டினார். "பார், வாய் தெரியாது. அதாலை அவன் தலையாலைதான் கதைப்பான். ஓம் எண்டால் இப்பிடி. பயம் எண்டால் இப்பிடி. வேண்டாம் எண்டால் இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா."

அதன்பிறகு நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையாலேயே பேசிக்கொண்டோம். சிவப்பு வீரன் தன்னை அறிவிக்கும் நிலையையும் மாமா பழக்கினார். இடது குதியால் தரையில் அரை வட்டம். வலது உள்ளங்கை கண்ணிலிருந்து வானத்துக்கு. அப்படியே அசையாமல் இரண்டு எண்ணிக்கை. எல்லாம் முடிந்துவிட்டதென்று பார்ப்பவர் நினைக்கும்போது தலை மட்டும் மெல்லத் திரும்பும். அந்தத் திரும்பல் சனிக்கிழமைத் தொடரில் வராது. அந்த இடத்தில்தான் வெட்டி, முகத்தைச் செருகியிருந்தார்கள். ஆகவே அது மாமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. பியர்பொன்ட்ஸ் முழுவதிலும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

இன்று பல்கலைக்கழகத்தில் நண்பர்களோடு இதைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கிறேன். மூலம்தான் மூலம், மற்றதெல்லாம் எச்சில் என்கிறது ஒரு கட்சி. நானும் நீண்ட காலம் அந்தக் கட்சிதான். இப்போது அவ்வளவு நிச்சயம் இல்லை. தைக்கிறவர்கள் உடம்பை அளந்துவிட்டுத் துணியை வெட்டுவார்கள்; அந்தத் தழுவல்காரர்களோ யாரோ வெட்டிவிட்ட துணிக்கு உடம்பு தேடியவர்கள். அதுவும் ஒரு வேலைதான். ஆனால் ஒன்பது வயதில் எனக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. போலியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்த நாட்களில் ஒரு சந்தேகம் இருந்தது. அவர்களுடைய சந்தேகம் மாமாவைப் பற்றியது.

மாமாவுக்கு லொங்குய்யில் ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை. பஸ், ரயில், பிறகு மெத்ரோ என்று ஆற்றைத் தாண்டிப் போய்வருவார். நல்ல வேலை என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் கந்தோருக்குப் போகிறவருக்கு விளையாட்டு வீரர்கள் தூக்குகிற அளவில் பை எதற்கு? சனிக்கிழமைகளில் கட்டாயம் போய்விட்டுத் திங்கட்கிழமை வீட்டில் நிற்கிற கந்தோர் எது? ஒருநாள் உடுப்புத் தோய்க்கும்போது அம்மா மாமாவின் சட்டைக் கழுத்தில் வெள்ளி மினுக்கத் தூளைக் கண்டுபிடித்தார். முகர்ந்தும் பார்த்தார். ஸ்ட்ரோபெரி வாசம்.

அன்றே பெரியம்மாவுக்குத் தொலைபேசி போனது. "அக்கா, ஆரோ வெள்ளைக்காரப் பெட்டை."

"எனக்கு அப்பவே தெரியும். இனிமேல் பாத்துக்கொண்டு இருக்கேலாது."

நானும் என் கொப்பியில் பதிந்தேன்: மினுக்கத் தூள், ஸ்ட்ரோபெரி, கழுத்தைச் சுற்றிச் சிவந்த தழும்பு. கோடு இரண்டு. முடிவு என்ற இடத்தில் எதையும் எழுதத் தெரியவில்லை.

பெரியம்மாவின் மகனுக்கு, அதாவது என் குட்டித் தம்பிக்கு, ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. கொண்டாட்டம் ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டு பேஸ்மென்டில். இரண்டு ஏற்பாடுகளைப் பெரியம்மா ரகசியமாகச் செய்திருந்தார். ஒன்று, பிறந்தநாள் வீடுகளுக்கு வேடக்காரர்களை அனுப்பும் ஓரிடத்தில் இணையம் வழியாகச் சொல்லி, சிவப்பு வீரனை வரவழைத்தது. மற்றது, மாமாவுக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் தாய் தகப்பனையும் விருந்துக்கு அழைத்தது. இரண்டாவதை மாமாவிடம் சொல்லக்கூடாது என்று எல்லாருக்கும் கட்டளை. சொன்னால் வரமாட்டானாம்.

சொல்லாமலேயே மாமா வரவில்லை. "கந்தோரிலை அவசர வேலை, பேந்து வாறன்" என்று காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பெண் வீட்டார் சோபாவில் அமர்ந்து, ஆளுக்கொரு மிதிவெடியைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மிதிவெடி என்பது முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த ரோல். பெரியப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "பொறுப்பான பெடியன், அதுதான் கந்தோரிலை விடமாட்டினம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சிவப்பு வீரன் படியிறங்கி வந்தான்.

பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். நான் கூச்சலிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்று பார்த்தேன். கவசத்தின் நெற்றி விளிம்பில் வர்ணம் உரிந்திருந்தது. பூட்ஸ் மழைக்குப் போடுவது. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தொலைக்காட்சியில் வருபவனோ பிரெஞ்சில் பொரிந்து தள்ளுவான். கடைந்தெடுத்த போலி. குட்டித் தம்பியின் காதில், "இது உண்மையான ஆள் இல்லை" என்று சொன்னேன். அவன் என்னைப் பிடித்துத் தள்ளினான்.

பிறகு சிவப்பு வீரன் பிள்ளைகளை விலக்கி, நடுவில் இடம் எடுத்துக்கொண்டான். இடது குதி அரை வட்டம் போட்டது. உள்ளங்கை கண்ணிலிருந்து மேலே போனது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்தார்கள். ஒன்று, இரண்டு.

தலை மெல்லத் திரும்பியது.

சனிக்கிழமைத் தொடரைப் பார்த்துப் பழகிய எவனுக்கும் இது தெரிய வழியில்லை. அப்படியென்றால் இவன் அந்தப் போலிகளின் ஆள் அல்ல. முகத்தை ஒருநாளும் காணமாட்டாய் என்று மாமா சொன்ன அந்த ஆள், ஜப்பானிலிருந்து ரொக்ஸ்பரோவுக்கு நேரே வந்திருக்கிறான்! வேறு எந்த விளக்கமும் எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது வயதில் மூளை வேகமாக ஓடும். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கக் கூடாது.

"இவர்தான் உண்மையான ஆள்! ஜப்பானிலை இருந்து வந்தவர்!" என்று கத்தினேன். பெரிய பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "விசர்" என்றது ஒன்று.

படம் எடுப்பதற்காகச் சிவப்பு வீரன் குட்டித் தம்பியின் பக்கத்தில் முழந்தாளிட்டான். நான் பின்னால் கிடந்த நாற்காலியில் ஏறி, கவசத்தின் பிடரிப் பூட்டில் கை வைத்தேன். அவன் சட்டென்று திரும்பினான். கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. தலை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை அசைந்தது.

அந்தப் பாஷை எனக்குத் தெரியும். வேண்டாம் என்கிறான். மூலத்தின் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அதைக்கூட எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். தலையாலே பேசுகிறானே, இதைவிட என்ன வேண்டும்? பூட்டைத் தட்டிவிட்டு இழுத்தேன்.

உள்ளே மாமா.

தலைமயிர் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. கழுத்தைச் சுற்றி அதே சிவந்த தழும்பு. அவர் கொண்டுவந்த குப்பியிலிருந்து யாரோ ஒரு பிள்ளை ஊதிய சோப்புக் குமிழ் ஒன்று அவர் தோளில் வந்து உட்கார்ந்து உடைந்தது. ஸ்ட்ரோபெரி வாசம்.

பெரியம்மா கையிலிருந்த கேக் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பெரியப்பா காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததையே சொன்னார்: "இவர்தான் நாங்கள் சொன்ன தம்பி."

பெண்ணின் தகப்பன் மிதிவெடியைத் தட்டில் வைத்தார். உச்சியிலிருந்து மழைப் பூட்ஸ் வரை மாமாவை ஒருமுறை பார்த்தார். "தம்பி, லொங்குய்யிலை எந்தக் கந்தோர் எண்டு சொன்னவை?"

யார் இவர்கள் என்பது மாமாவுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "லொங்குய் சரி அய்யா. கந்தோர் இல்லை. இதுதான் வேலை."

குட்டித் தம்பி மட்டும் வாயைப் பிளந்து மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பெண் வீட்டாரின் பக்கம் திரும்பி, அடக்கமுடியாத பெருமையோடு கத்தினான்: "எங்கட மாமாதான் சிவப்பு! உண்மையா மாமாதான்!"

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இருவது நிமிசம் இருக்கு, அக்கா" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். கவசத்தைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். இருபது நிமிடமும் பிள்ளைகளோடு பாய்ந்தார், விழுந்தார், செத்தார், மறுபடி எழுந்தார். பெண் வீட்டார் கேக் வெட்டும்வரை நிற்கவில்லை.

அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. பெரியம்மா இரண்டு மாதம் மாமாவோடு பேசவில்லை. அம்மா காரில் வரும்போது, "எங்களிட்டையாவது சொல்லியிருக்கலாம் தானே" என்றார். மாமா முன் இருக்கையில் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சொன்னால் விட்டிருப்பியளோ, சின்னக்கா?" என்றார். என்னை அவர் ஏசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

புறப்படுமுன் மாமா முகம் கழுவப் போயிருந்தபோது அவருடைய பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து வைத்திருந்தேன். வேடக்காரர்களுக்குக் கொடுக்கும் வேலைச் சீட்டு. இன்றும் அந்தக் கொப்பியில் ஒட்டியபடி இருக்கிறது. பெரியம்மாவின் பெயர், ரொக்ஸ்பரோ வீட்டு விலாசம், நேரம், 'சிவப்பு'. அதற்குக் கீழே, போகவேண்டிய ஆளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெயர் அச்சாகியிருக்கிறது. அதை நீலப் பேனாவால் வெட்டி, மேலே மாமா தன் பெயரைத் தன் கையாலே எழுதியிருக்கிறார்.

நானும் கோடை விடுமுறைகளில் இப்படியான ஓரிடத்தில் வேலை செய்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் அங்கே செத்தாலும் லீவு கிடைக்காது. அக்காவின் மகனுடைய பிறந்தநாளுக்கு வருவதற்கு மாமாவுக்கு அன்று இருந்தது ஒரே ஒரு வழி.

அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில், ஒன்பது வயதுக் கையெழுத்தில் நான் எழுதி வைத்திருப்பது இது: 'பெயர் வெட்டி மாற்றப்பட்டிருக்கிறது. வரவேண்டிய ஆள் வரவில்லை. வேறு ஒருவர் வந்திருக்கிறார்.'

கீழே மூன்று கோடு.