பிள்ளைக்காம்பராவில் ஒரு மஞ்சள் விளக்கு

தேயிலைத் தோட்டத் தொழிலாளி புஷ்பாவைக் காலைப் பெரட்டிலிருந்து இரண்டாம் முறையாகத் திருப்பி அனுப்பிய அன்றுதான் நான் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ் ஏறினேன்.

எங்கள் அலுவலகம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராக்களுக்கு வருகைப் பதிவுச் செயலி ஒன்று செய்து கொடுத்திருந்தது. காலையில் தாய் பிள்ளையை ஒப்படைத்து அட்டையைக் காட்டுவாள். டெப்லட்டில் பச்சை வந்தால் பிள்ளை இனி நிலையத்தின் பொறுப்பு. பச்சை வராமல் எந்தத் தாயும் நகரமாட்டாள். ஆனால் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை.

"ஒங்க மெசின் சுத்திக்கிட்டே இருக்கு மிஸ்," என்றாள் புஷ்பா. "நாளைக்கும் பிந்துனா இந்தப் பக்கமே வராதன்னு வேல பிரிக்கிற கண்டாக்கையா சொல்லிட்டாரு."

"அது சுத்துறதப் பாத்து எனக்கே தல சுத்துது," என்றார் பிள்ளைகளைப் பார்க்கும் சாந்தி அக்கா.

கோளாறு டெப்லட்டில் இல்லை, சேர்வரில். எல்லாத் தோட்டங்களிலும் பெரட்டு ஏறக்குறைய ஒரே நேரம். எல்லா அட்டைகளும் அந்தச் சில நிமிடங்களில் வந்து குவியும். சேர்வரையும் டேட்டாபேஸையும் இணைக்கும் எங்கள் பழைய கனெக்டர் ஒரு பதிவை டேட்டாபேஸுக்கு அனுப்பினால், பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில்.

கொழும்பிலிருந்த மேனேஜரை அழைத்தேன்.

"கிராஃப்ல ஒண்ணும் தெரியலயே. ஒரு நாளைக்கு வர்றதே கொஞ்சப் பதிவுதானே?"

"நாள் முழுக்கப் பாத்தா தெரியாது சேர். பெரட்டு நேரத்த மட்டும் பாருங்க."

பார்த்தார். "சரி, அட்டை பட்டதுமே பச்சையக் காட்டிருங்க. பதிவு பின்னால போகட்டும்."

"பதிவு போகாட்டி? பிள்ளை உள்ள இருக்கும், பேர் இருக்காது சேர். பச்சைய நம்பித்தான் சாந்தி அக்கா பிள்ளைய வாங்குறாங்க."

"அப்ப ஒங்க இஷ்டம். ஆனா நாளைக்குக் காலைல ஓடணும்."

மாலைக்குள் மூன்று மாற்றங்கள் செய்தேன்:

1. சின்னதொரு அசிங்க் கனெக்டர். ஒரு பதிவை அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்ததை எடுக்கும்.
2. ஒரே நேரத்தில் திறக்கும் கனெக்‌ஷன்களுக்கு வரம்பு. வரம்பு இல்லையென்றால் எல்லாம் ஒன்றாக முட்டி டேட்டாபேஸே படுத்துவிடும்.
3. மஞ்சள் விளக்கு. சேர்வருக்கு வந்துவிட்டது, இன்னும் பதிவாகவில்லை என்று பொருள். டெப்லட் மஞ்சளோடு நிற்காமல் அடுத்த அட்டையை வாங்கும்.

மறுநாள் காலை லெப்டொப்போடு அங்கே நின்றேன். அட்டைகள் மளமளவென்று பச்சையாயின. புஷ்பாவின் முறை வந்தது. மஞ்சள். மஞ்சளாகவே நின்றது. சேர்வர் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லொக்கைப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை; கனெக்‌ஷன்கள் எல்லாம் வேலையில் இருந்தன, அவளுடைய பதிவு முறைக்குக் காத்திருந்தது.

"சேர்வருக்கு வந்திருச்சு. நீங்க போகலாம்," என்றேன். புஷ்பா என்னைப் பார்க்கவேயில்லை. சாந்தி அக்காவைத்தான் பார்த்தாள். கீழே பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அக்கா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "பச்ச வர்ற வரைக்கும் இவன எறக்க மாட்டேன். வராட்டி கங்காணிக்குப் போன் போட்டுச் சொல்றேன். ஓடு புள்ள!"

அவள் ஓடினாள். படிகளைத் தாண்டி வளைவில் திரும்பும்போது பச்சை விழுந்தது. அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "வந்திருச்சுடீ!"

புஷ்பா திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள். அன்று அவளுக்கு வேலை கிடைத்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தக் கனெக்டரும் காத்திருப்பை இல்லாமலாக்காது. அந்தக் காத்திருப்பு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். அது தாங்க முடியாதவர் தலையில் விழுந்தால், அங்கிருந்து எடுத்து, தாங்கக்கூடிய வேறிடத்தில் வையுங்கள்.