அண்ணனுக்கு ஒரு சீட்

யார் வந்தாலும் முதலில் ஜன்னல் சீட் வேண்டுமா என்று கேட்பதால் அந்த டிராவல் ஏஜென்சியில் அவளுக்கு ஜன்னலக்கா என்று பெயர். இருபது வருடமாக டிக்கெட் போடுகிறாள். ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் விமானத்தையே இவள்தான் பெற்று வளர்த்தாள் என்று தோன்றும். வந்தவர் பேசி முடிப்பதற்குள் அவருக்கான சீட்டைப் பிடித்துவிடுவாள்.

அன்று ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். சட்டைப்பையில் டெஸ்டர் எட்டிப்பார்த்தது.

"அட்லாண்டிக் தாண்டிப் போகணும்மா. திரும்பும்போது எங்க அண்ணனும் கூட வர்றார். எனக்கு பிசினஸ் கிளாஸ்தான் வேணும்..."

அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நடுவுல ரெண்டு சீட் பிடிச்சிட்டேன் சார். ரெண்டுக்கும் இடையில இருக்கிற தடுப்பை இறக்கிட்டா விடிய விடிய கதை பேசலாம். காலை நீட்டிப் படுக்கலாம். அண்ணனுக்கு முதுகுவலி உண்டா?"

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரையில் தெரிந்த விமானப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"எனக்கு ஒரு சீட் போதும்மா. அண்ணன் அங்க தவறிட்டார். பெட்டியில வர்றார். பெட்டியை முன்பக்கம், பிசினஸ் கிளாஸுக்குக் கீழதான் ஏத்துவாங்களாம். எந்த சீட்டுக்கு நேர் கீழன்னு பார்த்து, அதையே எனக்குப் போடுங்க."

ஜன்னலக்கா அந்தப் படத்தைப் பார்த்தாள். இருபது வருடமாக அவள் பார்த்த படத்தில் சீட்டுகள் மட்டுமே இருந்தன. அவற்றுக்குக் கீழே யாரும் எதையும் வரைந்திருக்கவில்லை.

அண்ணனுக்காகப் பிடித்த சீட் திரையில் இன்னும் பச்சையாக இருந்தது. அதை ரத்துசெய்ய அவளுக்குக் கை வரவில்லை.