கவுன் பையில் சரளைக்கல்

முந்திரி பூக்கும் தை மாதத்தில் ஆலங்குடிப் பக்கத்துத் தோப்புகளில் பனியும் பூவாசனையும் ஒன்றாகவே இறங்கும். அந்தத் தோப்போரம்தான் எங்கள் பழங்குடி சனத்தின் பத்துப் பன்னிரண்டு வீடுகள். எனக்கு அப்போது ஏழு வயது. தம்பி பிறந்து ஒன்பது மாதம். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல், மிதந்து போகும் எதையோ பார்ப்பதுபோல் கண்ணைத் திறந்தபடி கிடப்பான். சமர்த்துப் பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன்.

மாதம் ஒருமுறை அங்கன்வாடி வேப்பமரத்தில் தராசைக் கட்டி, பிள்ளைகளைத் தூளியில் உட்காரவைத்து எடை பார்ப்பார்கள். பார்க்க ஊஞ்சல் திருவிழா போலிருக்கும். தம்பியின் முறை வரும்போது மட்டும் டீச்சர், எடை ஏறவில்லையே என்பார். அன்று முழுக்க அம்மா யாரோடும் பேசமாட்டாள்.

இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த மாதம் குளிருக்கென்று என் பழைய கவுனைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, சரளைக்கற்களைத் துணியில் முடிந்து அதன் பைக்குள் வைத்தேன். அவனை இடுப்பில் தூக்கிய அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு பனிக்குள் நடந்தாள்.

தராசு முள் நன்றாகவே நகர்ந்தது. டீச்சர் சிரித்தபடி நோட்டை எடுத்தார். நான் பூரித்துப்போய் அம்மாவைப் பார்த்தேன். அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கவுன் பைக்குள் கைவிட்டு முடிச்சை எடுத்துத் தரையில் வைத்தாள்.

“இப்பப் பாருங்க டீச்சர். இதுதான் எம்புள்ள எடை.”

டீச்சர் யாரையும் திட்டவில்லை. தம்பியின் மேல்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட ஒரு நாடாவைச் சுற்றிப் பார்த்தார், ரொம்ப மெலிந்த பிள்ளைகளுக்கான சிவப்பில் நின்றது. இன்றைக்கே புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாயும் கூடவே தங்க வேண்டும் என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அப்பாகூட இருந்துக்கிருவியாடி?”

நான் முடிச்சை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனேன். ஜெயித்த ஆட்டத்தை அவளே கலைத்துவிட்டாள் என்று கோபம். பஸ் கிளம்பும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். தம்பி சிணுங்கினான், என் முடியைப் பிடித்து இழுத்தான். அம்மாவின் கன்னமும் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. அங்கே அவளுக்கும் மூன்று வேளை சாப்பாடு கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. எனக்கோ பொறாமை.

வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, ‘எனக்குப் பசிக்கல’ என்று அவள் சொல்வதை அதற்குப் பிறகும் பல வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.