வாயால் போட்ட தரிசு

எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு ஒரு பழக்கம். வெள்ளாமை எப்படி என்று யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். சொன்னால் கண் பட்டுவிடும். கொத்தமல்லி இடுப்பளவு நின்றாலும், "என்னத்த, ஏதோ கெடக்கு" என்போம். கேட்கிறவரும் சம்சாரி என்றால் அவருக்கு அர்த்தம் விளங்கிவிடும்.

பரளச்சிப் பக்கம் எங்களுக்கு இருப்பது மானாவாரிக் கரிசல். டவுன் வளர்ந்து வளர்ந்து எங்கள் ஊர்வரை வந்துவிட்டது. தொழிற்பேட்டைக்கு இடம் பார்க்கிறார்கள், விளையாத நிலமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்றார்கள். அப்படியானால் நமக்கென்ன பயம் என்று இருந்தேன்.

ஆவணியில் ஒரு அதிகாரி ஃபைலோடு புஞ்சைக்கு வந்தார். வீட்டுக்காரர் அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். நான் ஒருத்திதான் வேலிமுள் வெட்டிக்கொண்டிருந்தேன். மழைக்கு முன் புழுதி உழவு ஓட்டிப் போட்டிருந்ததால் நிலத்தில் ஒரு பச்சை இல்லை.

"இதுல என்னம்மா வெளையுது?"

"என்னத்த சார் வெளையுது? சும்மாதான் கெடக்கு."

எழுதிக்கொண்டு கையெழுத்துக் கேட்டார். போட்டேன். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன். வெளியூர்க் கண்ணிலிருந்து நிலத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு எனக்கு!

அடுத்த மாதம் ஊராட்சி அலுவலகத்தில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் புஞ்சைக்கு நேராகத் 'தரிசு' என்று இருந்தது. கிராமசபையில் தீர்மானம் போட்டோம். இந்தக் கரிசலில் விழும் மழைதான் கண்மாய்க்கு வரத்து, இதை மேடாக்கினால் கண்மாயும் செத்துப்போகும் என்று மனு எழுதி, எல்லாரும் பஸ் ஏறி அருப்புக்கோட்டை தாலுகா ஆபீசுக்குப் போய்க் கொடுத்தோம்.

அங்கே இருந்ததும் அதே அதிகாரிதான். கோபப்படவில்லை. ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாக வாசித்தார். எல்லாத் தாளிலும் நான் சொன்னதுதான் இருந்தது. மொத்த ஊரும் சும்மா கிடக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல் கணக்கில் எங்கள் வெள்ளாமையை ஏற்றுங்கள் என்று கேட்டும் எங்களில் ஒருவரும் ஆபீசுக்கு நடந்ததில்லை.

"சார், அது கண்ணு பட்ரக்கூடாதுன்னு சொல்றது. நல்லா வெளையும் சார்" என்றேன். அப்படிச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் சம்சாரிதாம்மா, எனக்குப் புரியுது. ஆனா அத எழுத இந்த ஃபாரத்துல எடமில்ல. லிஸ்ட்டும் மேல போயிருச்சு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் போல இருந்தது. பந்தல்குடி தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நான் அன்னைக்கு இருந்திருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.